பன்னிரண்டு மணிக்கு வராத போன்

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 26 வயது. திருவாரூர் பக்கம் கிராமம். சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் ஐந்து வருடமாக வேலை பார்க்கிறேன். ஆவணியில் நிச்சயம் ஆகிவிட்டது, தை கடைசியில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு நீடாமங்கலம் பக்கம். பி.இ. படித்துவிட்டு, அப்பாவுக்கு முடியாமல் போனதால் ஊரோடு இருந்து விவசாயத்தைப் பார்க்கிறார். கெட்ட பழக்கம் எதுவும் இல்லை.

என் ரூம்மேட்டைக் கட்டிக்கொள்ளப் போகிறவர் பெங்களூரிலிருந்து பஸ் ஏறி வந்து, மண்டி போட்டு மோதிரம் போட்டார். எனக்கு நிச்சயத்தன்று மோதிரம் போட்டது மாப்பிள்ளையின் அக்கா. நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை மேடம். காலையில் ஒரு குட்மார்னிங், ராத்திரி பத்து நிமிஷம் பேச்சு. ஐப்பசியில் என் பிறந்தநாள். அவர் கூப்பிட்ட பிறகு கேக் வெட்டலாம் என்று 12.40 வரை எல்லாரும் காத்திருந்தோம். மறுநாள் மத்தியானம் ‘ஹேப்பி பர்த்டே. சாப்ட்டீங்களா?’ என்று மெசேஜ் வந்தது. ‘தேங்க்ஸ், சாப்ட்டேன்’ என்று போட்டுவிட்டு பாத்ரூமில் போய் அழுதேன். அன்று ராத்திரி முழுக்க மழையில் கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்குக் காவல் இருந்தாராம், பிறகு அவர் அக்கா சொன்னார். இருக்கட்டும், ஒரு மெசேஜ் போட எவ்வளவு நேரம் ஆகும்? விடியற்காலை நாலரை மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் வருகிற போட்டோ அனுப்ப மட்டும் நேரம் இருக்கிறதே?

போட்டோ ஷூட்டும் வேண்டாம் என்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் என் வேலை, எங்கே இருப்பது என்றெல்லாம் ஒருதடவை கேட்டேன், ‘அம்மா சொல்றபடி பாத்துக்கலாம்’ என்றார், அது பரவாயில்லை. ஆனால் காதலே இல்லாத ஒருவரோடு காலம் முழுக்க எப்படி இருப்பது? அம்மாவிடம் சொன்னால், ‘கல்யாணம் ஆனா எல்லாம் தானா வரும், இப்பப் போய்க் கேள்வி கேட்டு முட்டுக்கட்டை போடாதே’ என்கிறாள். நான் எதிர்பார்ப்பது அதிகமா? நிறுத்திவிடலாமா?

பதில்:

அம்மாடி,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எனக்கும் உன் வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நீ எதிர்பார்ப்பது அதிகமில்லை. ராத்திரி பத்து நிமிஷம் பேச்சு, பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து. இதை அதிகம் என்கிறவர்கள், கிடைக்காமலே காலத்தை ஓட்டிப் பழகிப்போனவர்கள். கட்டிக்கொள்ளப் போகிறவர் தன்னை நினைக்க வேண்டும் என்று ஒரு பெண் ஆசைப்படுவதில் என்ன குற்றம்? அந்த ஆசையைக் குறைத்துக்கொள் என்று நான் சொல்லப்போவதில்லை. ஆனால் உன் கடிதத்தில் வேறொரு இடம் என்னை உறுத்துகிறது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த ராத்திரி.

கொள்முதல் நிலையம் என்றால் என்னவென்று திருவாரூர்ப் பெண்ணுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் ஐந்து வருஷம் ஏசி அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் கொஞ்சம் மறக்கும். குறுவை நெல் அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில். மழையும் அப்போதுதான். மிஷின் அறுத்த நெல்லை டிராக்டரில் கொண்டுபோய் நிலையத்து வாசலில் குவித்துவிட்டு, முறை வருகிறவரை காத்துக்கிடக்க வேண்டும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை மிஞ்சிப்போன வருஷங்களில் டெல்லியிலிருந்து தளர்வு கேட்டு வாங்குவார்கள், அது வந்து சேர்வதற்குள் பாதி நெல் முளை விட்டிருக்கும். தார்ப்பாய் போட்டு மூடினால் உள்ளே புழுங்கும், திறந்தால் நனையும். குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே சூடு தட்டினால் முளைக்கப் போகிறது என்று அர்த்தம், அந்த இருட்டிலேயே கிளறிவிட வேண்டும். என் அண்ணன் அப்படி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் போய்க் கூப்பிட்டாலும் அவனுக்குக் காதில் விழாது. கையெல்லாம் நெல் சுணை. ஈர விரலுக்கு டச் ஸ்கிரீனும் அசையாது.

மாப்பிள்ளைக்கு வக்காலத்து வாங்குவதற்காக இதைச் சொல்லவில்லை. சாயங்காலமே மேகம் கட்டியிருக்குமே, ‘இன்னிக்கு ராத்திரி நெல்லுகிட்ட இருக்கேன், நாளைக்குப் பேசறேன்’ என்று அப்போதே ஒரு வரி தட்டியிருக்கலாம். தட்டவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. அக்கா சொல்லித்தான் உனக்குத் தெரியவேண்டியிருந்தது. ஏன் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். இந்தப் பக்கத்துப் பையன்கள் ஆலோசனைக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்து சொல்வது ஒன்று உண்டு: ‘நெல்லு நனைஞ்சு போச்சுன்னு பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா மதிப்பாங்களா மேடம்?’ மாதம் பிறந்தால் கணக்கில் சம்பளம் விழுகிற பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு கூச்சம். உன்னவருக்கும் அது இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.

அவர் நனைந்த நெல்லை மறைத்தார். நீ அழுததை மறைத்தாய். ‘தேங்க்ஸ், சாப்ட்டேன்’ என்பதைப் படித்தவருக்கு, 12.40 வரை வெட்டாமல் வைத்திருந்த கேக் எப்படித் தெரியும்?

‘இதெல்லாம் சொல்லித்தான் தெரியணுமா?’ என்று கேட்பாய். இந்தக் கேள்வி என் அறைக்கு வாரத்துக்கு நாலு தடவை வருகிறது. ஐடல்சன், எப்ஸ்டீன் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1982இல், தம்பதிகளின் உறவைக் கெடுக்கும் நம்பிக்கைகளை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். ஐந்து நம்பிக்கைகள். அதில் ஒன்று, நான் வாய் திறக்காமலே என் மனசை அவர் படித்துவிட வேண்டும் என்பது. இன்னொன்று, ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை என்றாலே உறவு கெட்டுவிடும் என்பது. முதலாவதைப் பெண்களிடமும் இரண்டாவதை ஆண்களிடமும் நான் அதிகம் பார்க்கிறேன். இது ஆய்வு சொன்னது இல்லை, கும்பகோணத்தில் 27 வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் கண்டது. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்துவிட்டால், அவள் சொல்லமாட்டாள், அவன் கேட்கமாட்டான்.

எனக்கும் இந்த வியாதி இருந்தது. 1991 வைகாசியில் கல்யாணம். நம் பக்கத்து வழக்கப்படி ஆடிக்கு என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்துவிட்டார்கள். மாயவரத்தில் அம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆடிப்பெருக்குக்கு முதல்நாள் இன்லண்டு லெட்டர் வந்தது. கொல்லைக்குக் கொண்டுபோய் ஒளிந்துகொண்டு பிரித்தேன். ‘இங்கு சௌக்கியம். கேஸ் புத்தகத்தை எங்கே வைத்தாய்?’ அவ்வளவுதான். கல்யாண மாலையை ஆற்றில் விடும்போது அவரையும் சேர்த்து விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பதில் போடவில்லை. ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் உர்ரென்று இருந்தேன், என்ன என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பத்து வருஷம் கழித்து ஒருநாள் அந்தக் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். ‘அப்படியா எழுதினேன்?’ என்றார். நிஜமாகவே ஞாபகமில்லை அந்த மனுஷருக்கு. பத்து வருஷம் நான் சுமந்தது அவருக்கு ஒரு தபால் செலவு.

இனி உன் அம்மா சொல்லும் ‘தானா வரும்’. அம்மாக்கள் இதைச் சும்மா சொல்லவில்லை. ஜெய்ப்பூரில் உஷா குப்தா, புஷ்பா சிங் இருவரும் 50 தம்பதிகளை ஆராய்ந்து 1982இல் வெளியிட்டார்கள். காதல் மணம் செய்தவர்களின் அன்பு ஆரம்பத்தில் உயர்ந்து நின்று வருஷங்கள் போகப்போக இறங்கியது, பெற்றோர் பார்த்து முடித்தவர்களின் அன்பு கீழிருந்து ஏறி அதைத் தாண்டியது. கல்யாண மேடைப் பேச்சில் இந்த ஆய்வை ரொம்ப இழுப்பார்கள். அவர்கள் சொல்லாமல் விடுவது, 2012இல் அமெரிக்காவில் வாழும் இந்தியர்களிடம் இதேபோல் பார்த்தபோது இரண்டு வகைக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்பது. இரண்டுமே சின்ன ஆய்வுகள். நான் பார்த்த வீடுகளில் அன்பு வளர்ந்ததும் உண்டு, முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்து சோறும் குழம்பும் தவிர எதுவும் பரிமாறிக்கொள்ளாமல் முடிந்ததும் உண்டு. வரும். ‘தானா’ வராது. உன் அம்மாவோடு எனக்குத் தகராறு அந்த ஒரு சொல்லில்தான்.

இப்போது என்னை உறுத்திய இடம். வராத போனுக்கும் மெசேஜுக்கும் கேக்குக்கும் ஒரு பத்தி முழுக்க எழுதினாய். உன் வேலை என்ன ஆகும், எங்கே குடியிருப்பாய் என்பதற்கு ஒற்றை வரி, அதற்கு ‘அம்மா சொல்றபடி பாத்துக்கலாம்’ என்று ஒரு பதில், பின்னாலேயே ‘அது பரவாயில்லை’. எனக்கு அது பரவாயில்லை என்று படவில்லை அம்மா. உன் ஐந்து வருஷ உழைப்பை, நீ தூங்கி எழப்போகும் ஊரை, இன்னொரு வீட்டு அம்மா தீர்மானிப்பார் என்கிறார் ஒருவர். அதைத் தாண்டிப் போய்விட்டு, மண்டி போட்டு மோதிரம் போடவில்லை என்று அழுகிறாய்.

உன் காதல் எதிர்பார்ப்பில் நான் காணும் குறை இது ஒன்றுதான். பார்க்கவேண்டிய இடத்தை அது மறைத்துவிடுகிறது. உன் ரூம்மேட்டுக்கும் இதே ஆபத்து உண்டு, அவளுக்கு இன்னும் கூடுதலாகவே. ட்ரோன் வைத்துப் படம் எடுத்து, கொடைக்கானலில் முட்டி போட்டு, ஆயிரம் பேர் லைக் போட்ட ஜோடி ஒன்று எட்டாம் மாதம் என் முன்னால் உட்கார்ந்திருந்தது. சண்டை எதில் தெரியுமா? அவள் சம்பளத்தில் அவள் அப்பாவின் கடனுக்கு மாதாமாதம் கட்டலாமா, கூடாதா என்பதில். காதலித்த இரண்டரை வருஷத்தில் அதை ஒருதடவைகூடப் பேசியதில்லை. பேசினால் ரொமான்ஸ் கெட்டுவிடுமாம்.

‘அம்மா சொல்றபடி’ என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கலாம். அப்பா படுத்திருக்கிற வீட்டில் அம்மாவைத் தனியாக விட்டு வர முடியாது, அதை உன்னிடம் சொல்லத் தெரியவில்லை என்பது ஒன்று. அப்படியானால் அவர் பொறுப்பான பிள்ளை, பேச இடம் இருக்கிறது. எனக்கென்று ஒரு முடிவு கிடையாது, இந்தக் கல்யாணம் உட்பட எல்லாமே அம்மா பார்த்ததுதான் என்பது இன்னொன்று. அப்படியானால் நீ தேடும் காதல் மட்டுமில்லை, நீ கோபப்படுவதற்குக்கூட அங்கே ஆள் இருக்காது. இதில் எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. உன்னால் கண்டுபிடிக்க முடியும். தைக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது.

கேட்டால் முட்டுக்கட்டை என்கிறாளா அம்மா? உங்கள் ஊர்த் தேரைப் பார்த்தவள்தானே அவளும்! ஆழித்தேர் ஒவ்வொரு வீதி முனையிலும் எப்படித் திரும்புகிறது? சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைச் செருகிச் செருகித்தான் திருப்புகிறார்கள். கட்டை போடுகிறவன் கொஞ்சம் அசந்தால் தேர் நேரே போய் யார் வீட்டுத் திண்ணையிலாவது ஏறி நிற்கும். இதை அப்படியே அம்மாவிடம் சொல், திருவாரூர்க்காரிக்குப் புரியும்.

எப்படிக் கேட்பது என்பது முக்கியம். வாட்ஸ்அப்பில் கேட்காதே. எழுத்தில் கேட்டால் பரீட்சைத்தாள் மாதிரி இருக்கும், அவர் பதிலை அக்காவிடம் காட்டிவிட்டு அனுப்புவார். ஒரு சனிக்கிழமை ஊருக்கு வா. கமலாலயக் குளக்கரையில் இரண்டு பேரும் நடங்கள். உன் வீட்டுக்குத் தெரிந்தே போ, ஒளிய ஒன்றுமில்லை. குளம் ஐந்து வேலி என்பார்கள், அவ்வளவு பெரிது, ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒரு கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லிவிடலாம். நேருக்கு நேர் உட்கார்ந்தால் வாயடைத்துப்போகும் ஆண்கள் பக்கத்தில் நடந்தால் பேசுவார்கள், இதை நான் பலதடவை பார்த்துவிட்டேன்.

முதல் சுற்றில் அவரை எதுவும் கேட்காதே. நீ சொல். ‘பொறந்தநாள் அன்னிக்கு பன்னிரண்டு மணிக்கு உங்க போனுக்காகக் காத்துகிட்டு இருந்தேங்க. வரலைன்னதும் அழுதுட்டேன். நெல்லு விஷயம் அப்புறம்தான் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்லியிருக்கலாமே?’ குற்றப்பத்திரிகையாக வாசிக்காமல் நடந்ததாகச் சொல். அதற்கு அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார். ‘ஐயையோ, தெரியாதுங்க’ என்று பதறுகிறாரா, ‘இதுக்கெல்லாமா அழுவாங்க?’ என்று சிரிக்கிறாரா? சிரித்தாலும் உடனே முடிவு கட்டாதே, கூச்சத்தில் சிரிக்கிறவர்களும் உண்டு. இரண்டாம் தடவை சொல்லியும் சிரித்தால் எனக்குக் கவலை.

அப்புறம் ஒன்றொன்றாக. வேலையைத் தொடர வேண்டும் என்று நீ நினைத்தால், தொடரலாமா என்று அனுமதி கேட்காதே. ‘நான் வேலையை விடறதா இல்லை, எப்படி அமைச்சுக்கலாம்?’ என்று கேள். வீட்டிலிருந்து வேலை, மாதத்தில் பாதி சென்னை, சில வருஷம் கழித்து யோசிப்பது என்று எத்தனையோ வழி இருக்கிறது. அவருக்கு இந்தக் கல்யாணத்தில் தனக்கென்று விருப்பம் உண்டா என்றும் கேள். பெண்ணிடம் மட்டும் சம்மதம் கேட்கிறார்கள், பையனைக் கேட்பதில்லை, அது ஒரு கூத்து. பிள்ளை எப்போது, மாமனார் வைத்தியச் செலவு, கடன் எவ்வளவு, எல்லாம் பேசு.

உன் நகையைப் பற்றியும். இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். டெல்டாவில் ஆடி, ஆவணியில் வீட்டுப் பெண்கள் கழுத்தில் இருப்பது கூட்டுறவு சங்கத்துக்கோ பேங்குக்கோ போகும், தை, மாசியில் நெல் பணம் வந்ததும் திரும்பும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற ஜூன் 12இல் திறக்காமல், 2024 மாதிரி ஜூலை 28க்குத் தள்ளிப்போகிற வருஷத்தில் குறுவை போகும், நகையும் சீக்கிரம் திரும்பாது. குடும்பத்துக்குக் கொடுப்பது தப்பென்று நான் சொல்லவில்லை, நானே கொடுத்திருக்கிறேன். என்னைக் கேட்டுவிட்டு எடுக்கிறார்களா, எடுத்துவிட்டுச் சொல்கிறார்களா என்பதில்தான் மரியாதை இருக்கிறது. அதை இப்போதே கேட்டுவை. கொடுக்கச் சொல்லி அந்த வீட்டிலிருந்து பவுன் கணக்கோ வண்டியோ கேட்டால் அது வேறு விஷயம், அதற்கு 1961லிருந்து வரதட்சணைத் தடைச் சட்டமே இருக்கிறது.

போட்டோ ஷூட்டை விடு. அவருக்கு கேமரா முன்னால் கூச்சமாக இருந்தால் வற்புறுத்தி எடுத்த படத்தில் அது அப்படியே விழும்.

நிறுத்திவிடலாமா என்று கேட்டாயே. பேசுவதற்கு முன்னால் நிறுத்தாதே, பேசிய பிறகும் மனசு ஒட்டவில்லை என்றால் நிறுத்தத் தயங்காதே. நிச்சயம் ஆகிவிட்டது, பத்திரிகை அடித்தாகிவிட்டது, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது என்பதெல்லாம் பணக்கணக்கு. நீ கேள்வி கேட்டதற்காகவே அவர் கோபித்துக்கொண்டாலோ, போன் பாஸ்வேர்டு, உடுத்துவது, யாரோடு பேசுவது என்று கணக்குக் கேட்க ஆரம்பித்தாலோ, குளத்தைப் பாதி சுற்றியதும் திரும்பி வந்துவிடு. அப்படி எதுவும் உன் கடிதத்தில் இல்லை.

அவரிடம் காதல் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஒருவர் வாய்க்காலில் நின்று எடுத்த போட்டோ, உன்னை நினைத்து எடுத்ததாகவும் இருக்கலாம், தண்ணீர் வந்த சந்தோஷத்தில் போனில் இருக்கும் இருபது பேருக்கும் தட்டிவிட்டதாகவும் இருக்கலாம். நீ என்ன பதில் போட்டாய் என்று எழுதவில்லையே?